நாற்பத்தோரு கையெழுத்து

மூன்று நாளாகத் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, தையல்காரம்மா நாற்பத்தோரு கையெழுத்து வாங்கிவிட்டாள்.

தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தில், வேற்று நாட்டிலிருந்து வந்திருக்கும் இருபது குடும்பங்களைக் குடிவைக்கப் போகிறார்களாம். கூடாது என்று அதிகாரிகளுக்கு மனு. எழுதியது அவளேதான்.

நாமும் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியும் கைக்குழந்தையுமாக இங்கே வந்து இறங்கியவர்கள்தானே என்று புருஷன் கேட்டுப் பார்த்தான்.

"நாம முறையா வந்தோம், உழைச்சோம். இவங்களும் நாமளும் ஒண்ணா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கைக் கடைசியாக வைத்திருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். டி.வி.யில் செய்தி ஓடினால் போதும், வெளிநாட்டுக்காரர்களால் நாடே கெட்டது என்று ஆரம்பித்துவிடுவார். அவள் முகம் சுருங்கினால், உன்னைச் சொல்லலம்மா, நீ எங்க ஆளு என்பார். அவர் கையெழுத்து கைக்கு வந்த மாதிரிதான்.

மெக்கானிக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மனுவை இரண்டு தடவை படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"என்னண்ணே, ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் விடல. பிள்ளைங்களை வெளிய விட பயமா இருக்கு, சுத்தம் போயிடும், நம்ம பழக்கம் தெரியாதவங்க... நானும் இதையேதான் எழுதினேன்."

"நீங்களா? எப்போ?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு. நம்ம மேல்வீட்டுக்கு யாரோ கைக்குழந்தையோட வராங்கன்னு கேள்விப்பட்டு ஓனருக்கு எழுதினேன். கட்டடத்துல அத்தனை பேரும் கையெழுத்து போட்டாங்க."

தையல்காரம்மா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓனர் என்ன பண்ணினாரு?"

"என் கண்ணு முன்னாலேயே கிழிச்சுப் போட்டாரு. அவர்மேல அப்ப எனக்கு அவ்வளவு கோபம்." மனுவை அவளிடமே நீட்டினார். "இவங்களை நெனைச்சாலும் எனக்குப் பயம்தாம்மா. ஆனா அவர் அன்னைக்குக் கிழிக்காம விட்டிருந்தா, ஏழு மாசம் படுக்கையில கிடந்த என் வீட்டுக்காரிக்கு, தினமும் யாரு வந்து தலை வாரிவிட்டிருப்பா?"

தையல்காரம்மா மனுவை வாங்கினாள். நாற்பத்தோரு கையெழுத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, அவர் கண் முன்னாலேயே கிழித்தாள்.