ராத்திரி பூட்ஸ்

குழந்தையின் வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்ததும் டாக்டர் நிலோஃபருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பெத்தவதானா நீ? ஆறு தடவ மாவுக்கட்டு போட்டு நிமித்தி அனுப்புன காலு. மறுபடியும் உள்ள கோணிட்டு வருது பாரு!"

கிரேஸி தலைகுனிந்து நின்றாள். இரண்டு வயது டைட்டஸ் அவள் மாமனார் தொம்மையின் மடியில் இருந்தான். உவரியிலிருந்து திருநெல்வேலிக்கு இரண்டு பஸ் மாறி, பேரனைக் கீழே விடாமல் தூக்கி வந்தவர் அவர்தான்.

"நடுவுல கம்பி வச்ச பூட்ஸ் குடுத்தேன்லா? நாலு வயசு வரைக்கும் ராத்திரி பூராவும் காலுல கெடக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"தெனமும் மாட்டிவிட்டுட்டுத்தான் இறால் கம்பெனிக்கு ராத்திரி வேலைக்குப் போறேன் டாக்டர். விடிஞ்சு வந்து பாத்தாலும் காலுலதான் கெடக்கு."

"பொய் சொல்லாத! போட்டிருந்தா கோணுமா? போன வருசம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

போன வருடம்தான் கிரேஸியின் புருசன் கிங்ஸ்லி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனான். அவன் அண்ணனும் அப்படிப் போனவன்தான். டாக்டருக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பாவம் பார்த்தால் கால் நிமிருமா?

"தனியாளா பாடுபடுத, சரி. அதுக்காகப் பிள்ள காலம் பூரா நொண்டணுமா? இன்னும் ஒரு மாசம் இப்பிடியே போனா ஆபரேஷன்தான். ஒன்ன நம்பி இவன விட முடியாது. குழந்தைகள் நலக் குழுவுக்கு இப்பவே எழுதுதேன்."

டாக்டர் பேனாவை எடுத்தேவிட்டார். கிரேஸி கதறிவிட்டாள்.

"ஐயோ, அப்பிடிச் செய்யாதிய! அந்தோனியார் மேல சத்தியமா ஒரு நா தவறல. மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்! பிள்ள ஒங்ககிட்டதான படுத்திருக்கான்!"

தொம்மை பேரனின் பாதத்தைப் பையத் தடவினார்.

"அவள ஏசாதிய, தாயி. அவ மாட்டத்தான் செய்யுதா. அவ அங்கிட்டுப் போனதும் நாந்தான் கழத்திப் போடுவேன். விடியமுன்ன திரும்பவும் மாட்டிருவேன்."

கிரேஸி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"ஏன் பெரியவரே? பிள்ள ரொம்ப அழுதானா?" என்றார் டாக்டர்.

"இல்ல தாயி. கோணக் காலுக்காரன எவனும் வள்ளத்துல ஏத்தமாட்டாம்லா."