அசையாத முள்

லேத்தின் சக்கிலிருந்து கழற்றிய வளையத்தில் கோகிலவாணி பின்சக்கர பேரிங்கை வைத்துப் பார்த்தாள்.

இறங்கவில்லை.

இறுக்கிப் பிடித்திருந்தபோது வட்டமாகத்தான் இருந்தது. விட்டதும், சக்கின் கவ்வும் தாடைகளான ஜாக்கள் அழுத்திய மூன்று இடங்களிலும் கோணிக்கொண்டது. அவ்வளவு மெல்லிய சுவர்.

இன்னும் ஒரு வளையத்துக்குத்தான் அலுமினியம் மிச்சம்.

பட்டறை வாசலில் பந்தய பைக், பின்சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது. மதியம் தகுதிச் சுற்று. ஓட்டப்போகிறவள் பைரவி, கோகிலவாணியின் நாத்தனார். அவள் பைக்கையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோகிலவாணி இரண்டாவது வளையத்தின் வெளிப்புறத்தை மட்டும் முடித்து வெட்டியெடுத்தாள். கடின ஜாக்களைக் கழற்றினாள். கடைந்து உருவம் கொடுக்கக்கூடிய சாஃப்ட் ஜாக்களைப் பூட்டினாள். உள்ளே ஆழத்தில் ஒரு சின்ன வட்டத் துண்டைக் கவ்வ வைத்து இறுக்கினாள். இறுகிய அந்த நிலையிலேயே ஜாக்களைக் கடைந்தாள், சரியாக வளையத்தின் வெளியளவுக்கு.

துண்டை எடுத்துவிட்டு வளையத்தை வைத்தாள். ஜாக்கள் சுற்றிலும் அணைத்துக்கொண்டன.

வட்டம் பிசகினால் முள்ளை அசைத்துக் காட்டும் டயலை வளையத்தில் முட்டவைத்து, சக்கைக் கையால் சுற்றினாள்.

முள் அசையவில்லை.

"அண்ணி, டயல் தொடவே இல்ல போலிருக்கு."

கோகிலவாணிக்கும் அதே சந்தேகம். டயலின் நுனியை விரலால் தூக்கினாள். முள் துள்ளியது. விட்டாள். பழைய இடத்துக்கே வந்து நின்றது.

தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது!

மறுபடி சுற்றினாள். அசைவே இல்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டாள்.

உள்வட்டம் முடிந்தது. ஜாக்களைத் தளர்த்தினாள். பைரவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரிங், அழுத்த அழுத்த ஒரே சீராக இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

இப்போது இருவருமே கத்தினார்கள். எதிர்ப் பட்டறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சக்கரத்தைப் பூட்டினார்கள். பைரவி தொழிற்பேட்டைச் சாலையின் கடைசிவரை சீறிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ஹெல்மெட்டுக்குள் சிரிப்பது கண்ணிலேயே தெரிந்தது. சக்கரத்தில் துளி ஆட்டமில்லை.

இன்ஜினை அணைக்காமலே இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள்.

"நீங்க ஒரு சுத்து போயிட்டு வாங்க அண்ணி."

கோகிலவாணி ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. கை முழுக்க எண்ணெய்.

துடைக்கத் துணி தேடவில்லை. சுடிதாரிலேயே துடைத்துக்கொண்டாள்.