வெந்தயம் செய்த வேலை

“வெறும் வயித்துல வெந்தயத் தண்ணி குடிக்கிறேன்ல, பசியே எடுக்கறதில்லைங்க,” என்றபடி மறுபடியும் சோற்றைப் போட்டுக்கொண்டாள் மனைவி. “மூச்சு முட்டுன டிரஸ்ஸெல்லாம் இப்ப தொளதொளன்னு இருக்கு.”

“இளைச்சுத்தான் போயிட்டே,” என்றார் கணவர்.

போன மாதம்வரை எந்த டிரஸ்ஸும் பத்தவில்லையென்று, எந்த விசேஷத்துக்கும் வராமல் அறைக்குள் அழுதுகொண்டிருந்தவள் அவள்.

“நாளைக்குப் பச்சை டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்கு வர்றேன். வெந்தயத்தைப் பத்தி அவகிட்ட சொல்லியே ஆகணும்.”

“அதைக் குடு, இஸ்திரிக்குக் குடுத்துட்டு வந்துடறேன்.”

இஸ்திரிக் கடையைத் தாண்டிப் போய், தையல்கடைக்குள் நுழைந்தார். தையல்காரர் டிரஸ்ஸின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“போன தடவையே பக்கத் தையலைக் கடைசிவரை பிரிச்சு விட்டாச்சு சார். இதுக்கு மேல உங்க வீட்டம்மா இளைக்கணும்னா, உள்ளே துணி இல்லை.”