கண்ணாடி போட்ட வெயில்

வெல்டரின் மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்கு முன்னால் போய்க் குந்தினான்.

கப்பல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருந்தான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. பெட்டிக்குள் இருக்கிற வெளிநாட்டுத் தாடி ஓணான் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டான்.

அக்கா புருஷன் வெல்டர். பின்னால் நின்று உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். மச்சான் நம்பி விட்டுப்போன ஜீவன். தேறியிருந்தால் இங்கேயே இருக்கும். நலிந்திருந்தால் அவன் சிநேகிதன் வளர்க்கத் தயார். கூண்டும் கையுமாக வாசலில் வண்டியில் காத்திருக்கிறான்.

அது போவதில் வெல்டருக்கு இஷ்டமில்லை. நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்க்கிற உயிர் அது ஒன்றுதான்.

வெல்டரின் மனைவி அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான். இன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுடா தம்பி. வீடு பூரா புழு, பூச்சி. இதுக்கு ஸ்டாண்டு அடிக்கிறேன்னு உங்க மாமா மொட்டை மாடியில வெல்டிங் பத்த வெச்சாரு. கொடியில கிடந்த என் நைட்டி, தோளெல்லாம் பொறி விழுந்து சல்லடை!"

அந்தக் குற்றத்துக்கு வெல்டர் புது நைட்டி வாங்கித் தந்திருந்தார். அதைத்தான் உடுத்தியிருந்தாள்.

மச்சான் ஓணானின் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். தாடையை அமுக்கிப் பார்த்தான். கெட்டி. பின்னங்காலை இழுத்தான். அது விட்ட உதையில் அவன் மணிக்கட்டில் கோடு விழுந்தது.

"அசத்திட்டீங்க மாமா. தீனி என்ன?"

"காலையில பூச்சி. கால்சியப் பொடியில புரட்டித்தான் போடுவேன். கீரையும் நறுக்கி வெக்கிறேன், மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது."

"பச்சை எதுவும் தின்னாத உடம்பா இது?" மச்சான் அதன் வாயோரத்திலிருந்து மஞ்சளாக எதையோ நகத்தால் சுரண்டி எடுத்தான். பூசணித் துணுக்கு.

மனைவிக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

பிறகுதான் மச்சான் அண்ணாந்து விளக்கைப் பார்த்தான்.

அவனே வாங்கித் தந்த விளக்கு. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதிலும் உண்டு. அது மேலே பட்டால்தான் ஓணானுக்கு எலும்பு கெட்டிப்படும். அந்த விளக்குக்குக் கீழே, பெட்டியை மூடி, ஒரு கண்ணாடி. நாலு மூலையிலும் போல்ட்டு முடுக்கி, அசையாமல்.

"இது என்ன மாமா?"

"கண்ணுக்குப் பாதுகாப்பு." வெல்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "அந்தக் கதிரு நான் பார்க்காததா? முகமூடி போடாம ஒரு வாட்டி பத்த வெச்சுட்டு, கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி ராப்பூரா கத்தியிருக்கேன். இது வாயில்லா ஜீவன். இதுக்கு யாரு முகமூடி மாட்டி விடுவா?"

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

"கண்ணாடியில அந்தக் கதிரு இறங்கவே இறங்காது மாமா! இத்தனை மாசமா இது வெறும் டியூப்லைட்டுக்கு அடியில படுத்திருக்கு. இந்நேரம் காலு நடுங்கி, தாடை கொழகொழன்னு ஆயிருக்கணும்."

வெல்டருக்கு முகம் செத்துப்போனது. ஓணானைப் பார்த்தார். அது மாமியார் வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து தின்ற மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பின்ன எப்படி?"

"அதான் எனக்கும் புரியல."

ஓணான் மச்சானின் கையிலிருந்து நழுவித் தரையில் இறங்கியது. வெல்டரின் காலைச் சுற்றிக்கொண்டு போய் அடுக்களை வாசலில் நின்றது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, காற்றில் மெல்ல வட்டம் போட்டது.

"அக்கா, உனக்குக் கை காட்டுது பாரு! தனக்கு மேல ஒரு ஆளுன்னு ஒத்துக்கிட்டாத்தான் இது இப்படிக் காட்டும்."

அந்த வீட்டில் அதை ஒத்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஆனால் ஓணானுக்கு எப்படித் தெரியும்?

"ஈ ஓட்டுதுடா," என்றாள் அவள், திரும்பியே பார்க்காமல்.

வெல்டர் ஸ்பேனரை எடுத்தார். "கண்ணாடியைக் கழட்டிடறேன் மாப்ள."

"எதுக்கு?" உள்ளேயிருந்து குரல் பாய்ந்து வந்தது. "இருக்கட்டும். பாவம், அதோட கண்ணு என்னாகறது?"

அந்த ஜீவனைப் பற்றி அவள் வாயிலிருந்து பாவம் என்ற சொல் அன்றுதான் முதன்முதலாக வந்தது.

வெல்டர் ஸ்பேனரும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். புது நைட்டியின் இடது தோளில் பொடிப் பொடியாக ஓட்டைகள்.

ஸ்டாண்டு அடித்த பிறகு அவர் மாடியில் பற்றவைக்கவே இல்லை.

பொறி விழுந்த ஓட்டை என்றால் விளிம்பு கருகியிருக்கும். இதில் கருகல் இல்லை. ஓணான் நகம் ஊன்றி ஏறினது போல வரிசையாக இருந்தது. துணி காயப்போட மாடிக்குப் போகிறவள் தினமும் ஏன் அத்தனை நேரம் வெயிலில் நின்று கறுத்துப்போய் இறங்கி வருகிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மச்சான் வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டான். "நீ கெளம்பு மச்சி, இது இங்கேயே இருக்கட்டும்!" பிறகு வெல்டரிடம் திரும்பினான். "என்ன மாயம் பண்ணீங்களோ மாமா, அப்படியே பண்ணுங்க. எதையும் மாத்தாதீங்க."

வெல்டர் ஸ்பேனரைக் கருவிப் பெட்டியில் போட்டார்.

"அடுத்த நைட்டி நல்ல தடிச்ச துணியில எடுக்கறேன்," என்றார் மனைவியிடம்.

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எதுக்கு மாமா தடிச்ச துணி?" என்றான் மச்சான்.

"பொறி தெறிக்குது மாப்ள," என்றார் வெல்டர்.