கிள்ளிய காம்பு

பரமத்தி வேலூர் வெற்றிலைச் சந்தையில் காலை வெயில் கண்ணாத்தாளின் கூடைமேல் மட்டும் தாராளமாக விழுகிறது. மறைத்து நிற்க ஆளில்லை. போர் வெற்றியைக் கொண்டாடிய கட்சிக் கூட்டத்தில் எழுந்து, "சண்டை எதுக்குங்க சாமி?" என்று கேட்ட அவளைத் தேசத்துரோகி என்கிற வீடியோ நேற்றிலிருந்து எல்லார் கைப்பேசியிலும் ஓடுகிறது. வியாபாரி நிஜாமுதீன் கடந்துபோகத்தான் நினைக்கிறார். பதினைந்து வருஷப் பழக்கத்தில் விரல்கள் தாமாக அவள் கூடையிலிருந்து ஓர் இலையை உருவிக் காம்பைக் கிள்ளிவிடுகின்றன. கிள்ளியவர் அந்த வெற்றிலைக் கட்டை வாங்கியாக வேண்டும் என்பது சந்தை வழக்கம். எதிரே ஒரு கட்சிக்காரன் கைப்பேசியை உயர்த்துகிறான். "கீழ போட்டுருங்க பாய். என்னையே அப்படிச் சொல்றவங்க உங்களைச் சும்மா உடுவாங்களா?" என்கிறாள் அவள், உதடு அசையாமல். "கிள்ளியாச்சுங்களே, அம்மணி." இலையை வாயில் வைத்துக்கொள்கிறார். மென்று விழுங்க எச்சில்தான் ஊறவில்லை.