வெள்ளிக்கிழமைக் கீரை

சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதித்தும் அண்டாவில் கிடந்த பட்டு நூலின் பசை விடவே இல்லை. “சோடாவுல கலப்படம் பண்ணிட்டான் கடைக்காரன்” என்று பல்லைக் கடித்த வேணுகோபால், டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

கரித்தது. சமையல் உப்பு!

“பள்ளிக்கூடத்துல உப்பு கொஞ்சந்தான் இருக்கு, கீரைக்குப் பத்தாதுங்க” என்று காலையில் டப்பாவோடு போன மனைவி நினைவுக்கு வந்தாள். தெருக்கோடிப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள் சூர்யகலா. “ஒரே மாதிரி டப்பா, சலவை சோடாவ அடுப்பங்கரையில வெக்காதீங்க” என்று எத்தனையோ முறை சொன்னவளும் அவள்தான்.

போன் போட்டார். அது வீட்டு அலமாரியிலேயே அடித்தது.

பைக்கை முறுக்கினார். மணி பன்னிரண்டே முக்கால், பரிமாறியிருப்பார்கள். காலையில் வெறும் டீத்தண்ணியோடு வரும் பிள்ளைகள், கீரையைக்கூட மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்பார்கள். நோஞ்சானாக வந்தவர்கள் சதை பிடித்ததே இந்தச் சோற்றில்தான்.

சமைத்தவர் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் இன்று ஆடி வெள்ளி. குழந்தை வரம் வேண்டிப் பதினோரு வருஷமாக, ஆடி வெள்ளியில் பொழுது சாயும்வரை சூர்யகலா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஒருமுறை மயங்கி விழுந்தபோதும் தண்ணீருக்கு வாயைத் திறக்கவில்லை. அந்த நாளில் உதவியாள் முனியம்மாள்தான் ருசி பார்ப்பாள். அவளும் இன்று கூழ் ஊற்றப் படவேடு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள்.

பள்ளியில் சத்தமே இல்லை. வேணுகோபால் பைக்கைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

தொண்ணூறு பிள்ளைகளும் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

“துப்புங்க! எல்லாம் துப்புங்க!”

ஒரு பெண்ணின் தட்டைப் பிடுங்கினார். சோறு இருந்தது, முட்டை இருந்தது. கீரை இல்லை.

“மாமா, என் முட்டை!” என்று அழுதாள் அவள்.

சாக்கடையோரம் கீரைப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. குழாயடியில் சூர்யகலா திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். உதடு சிவந்து தடித்திருந்தது.

“கீரைய யாரு ருசி பாத்தது?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பதினோரு வருச விரதம் போச்சுங்க.”