ஒரே உதை

"ஏம்ப்பா, என்ஜினை இறக்கி வேலை பார்த்தேன்னு சொன்ன. நாப்பது உதை உதைச்சேன், முனகக்கூட இல்ல," என்று வீட்டு வாசலில் வியர்வையில் சட்டை நனைய நின்றார் வண்டியின் சொந்தக்காரர்.

மெக்கானிக் ஒரே உதை உதைத்தான். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. இந்த மாதத்தில் இப்படி ஏழாவது முறை. தனக்குத் தொழில் மறந்துவிட்டதோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் முகம் கழுவப் போனதும், அவருடைய மனைவி மெல்ல வெளியே வந்தாள்.

"உங்க வேலையில குறையில்ல தம்பி. காலையில பிளக் வயரை நான்தான் கழட்டி விடுவேன். நீங்க வர்றதுக்குள்ள மாட்டிடுவேன்."

"எதுக்குக்கா?"

"டாக்டர் நடக்கச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு, சோபாவை விட்டு எந்திரிக்கல. இந்த ஒரு மாசத்துல சுகர் பாதியாயிடுச்சு."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைப் பையில் போட்டான்.

"இப்ப செல்ஃப் ஸ்டார்ட் வண்டி வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதெல்லாம் அடிக்கடி ரிப்பேராகும்னு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."